போனில் மனநல சிகிச்சை: ஆப் எது என்பது கடைசிக் கேள்வி

கொங்குப் பக்கம் மனநலம் பார்க்கிறவர்கள் 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் வீடியோவுக்குப் பழகினார்கள். ஊரடங்கு விலகியதும் பலர் பழையபடி "நேர்லயே வந்துருங்க" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் நெட் சரியில்லை, ஆப் சரியில்லை என்பார்கள். கூட்டம் போட்டுப் பேசினாலும் முதல் கேள்வி "எந்த ஆப் நல்லா இருக்குதுங்க?" என்பதுதான்.

எந்த ஆப்பாக இருந்தாலும் முகம் தெரியும், குரல் கேட்கும். போன் காலுக்கு நேரம் குறிப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை வேறு. நோயாளி கதவைச் சாத்திக்கொண்டு பேச இடம் உண்டா? ஊசி போட அந்த ஊரில் யார்? ரத்தம் எடுக்க எந்த லேப்? அவசரமென்றால் அரை மணி நேரத்துக்குள் அவர் பக்கத்தில் போய் நிற்கக்கூடிய ஆள் யார்? இந்த நான்குக்கும் நோயாளியின் பைலில் பதில் எழுதியிருந்தால் சாதாரண போன் காலே போதும். இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து மென்பொருள் வாங்கினாலும் மூன்றாவது மாதம் கைவிட்டுவிடுவீர்கள்.

சாமான்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வயர் வைத்த ஹெட்செட் வாங்குங்கள். புளூடூத் பாதியில் சார்ஜ் இறங்கும், குரல் தாமதமாகவும் வரும். கேமரா கண் மட்டத்தில் இருக்க வேண்டும், வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் டாக்டர் வெறும் நிழலாகத்தான் தெரிவார். மருத்துவரிடம் கட்டாயம் இரண்டு போன் வேண்டும். ஒன்றில் நோயாளி இருக்கும்போது மற்றொன்றில் 108-ஐ அழைப்பதற்கு.

தெளிவான வீடியோவுக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு சுமார் 600 கிலோபிட் ஆகும். கணக்குப் போட்டால் அரை மணிக்கு 270 எம்பி. தினம் 1.5 ஜிபி பேக் போட்டிருக்கிற வீட்டில் சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் அதைத் தீர்த்துவிட்டிருப்பார்கள். ஏழு மணிக்குப் படம் உறைந்து நின்றால் டவரைத் திட்ட வேண்டாம், காலையில் நேரம் கொடுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைப் பட்டியல் முந்தைய நாள் பேப்பரிலேயே வந்துவிடுகிறது. அன்றைக்கு அந்தந்த ஊர்க்காரர்களை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். டவரின் பேட்டரியும் அதற்குள் இறங்கிப்போகும்.

பலர் கவனிக்காத அமைப்பு ஒன்று உண்டு. வீடியோ ஆப்களில் இரைச்சலைக் குறைக்கும் வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். பேச்சல்லாத ஒலியை அது சத்தமென்று எடுத்து வெட்டிவிடும். பெருமூச்சு, விசும்பல், மூச்சிரைப்பு எல்லாம் அதில் சேர்த்தி. நோயாளி அழுவது உங்களுக்குக் கேட்காமலே போகலாம். ஜூமில் 'அசல் ஒலி' என்று ஒரு தேர்வு இருக்கிறது. நோயாளியின் பக்கமும் அதைப் போடச் சொல்லுங்கள். அதே மாதிரி செல்போன் கேமராவின் அழகு பில்டரை அணைக்கச் சொல்லுங்கள். தோலை மெழுகிவிடுவதால் மருந்து அலர்ஜித் தடிப்பும் தெரியாது, மணிக்கட்டுத் தழும்பும் தெரியாது.

தறி ஓடும் வீடென்றால் எந்த அமைப்பும் உதவாது. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனும் வீடும் ஒரே சுவர். ஷிப்ட் மாறும் நேரத்தைக் கேட்டு அந்த இடைவெளியில் அழைப்பை வையுங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

பெயர், வயது, அடையாளம். மருத்துவரும் தன் பெயரையும் பதிவு எண்ணையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 25-இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறை இரண்டையும் கேட்கிறது. நோயாளி தானாக அழைத்தால் அதுவே சம்மதம். மருத்துவரோ, குடும்பத்தாரோ, சுகாதாரப் பணியாளரோ அழைப்பைத் தொடங்கினால் நோயாளியின் வாயிலிருந்து "சரிங்க, பேசலாம்" என்று வர வேண்டும். அதைக் குறித்தும் வைக்க வேண்டும். சிறுவர் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருப்பதும் அவர் யாரென்று உறுதிசெய்வதும் கட்டாயம்.

அடுத்தது முகவரி. ஆதாரில் உள்ள முகவரி வேண்டாம், இந்த நிமிடம் எங்கே இருக்கிறார் என்பது வேண்டும். தோட்டத்துச் சாளைக்குக் கதவு எண் கிடையாது. "காங்கயம் ரோட்டுல எறங்கி, வாய்க்கா மேட்டுல ரெண்டாவது பாலம் தாண்டி, கோழிப்பண்ணைக்குப் பின்னாடி" என்பதுதான் முகவரி. அதை அப்படியே எழுதிக்கொண்டு வாட்ஸ்அப்பில் லொக்கேஷனும் வாங்கிவிடுங்கள். ஆம்புலன்ஸ்காரருக்கு இரண்டும் தேவைப்படும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரின் எண்ணும் வேண்டும். சென்னையில் வேலை பார்க்கும் மகனின் எண் அவசரத்துக்கு உதவாது.

பிறகு "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேளுங்கள். லைன் வீட்டில் மருமகள் "யாரும் இல்லைங்க" என்பாள், மாமியார் அடுப்படியில் இருப்பார். கேமராவை அறையைச் சுற்றி ஒரு முறை திருப்பிக் காட்டச் சொல்லுவது தப்பில்லை. இயர்போன் போட்டுவிட்டால் உங்கள் கேள்வியாவது வெளியே கேட்காது. பிறகு ஆமா, இல்லை என்று பதில் வரும்படி கேள்வியை அமைக்கலாம். யாராவது உள்ளே வந்தால் சொல்ல ஒரு சங்கேத வார்த்தையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "மளிகை லிஸ்ட் அப்பறம் சொல்றனுங்க" என்றால் பேச்சை மாற்ற வேண்டும் என்று அர்த்தம். இது சினிமாத்தனமாகத் தெரியலாம். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணுக்கு இது இல்லாமல் சிகிச்சையே நடக்காது.

இரண்டாவது, மூன்றாவது முறை பேசுகிறவர்களுக்கு நான் ஆடியோவைத்தான் சிபாரிசு செய்வேன். தென்னந்தோப்பில் நடந்துகொண்டே பேசுகிறவர், வீட்டுக்குள் கேமரா முன் விறைத்து உட்கார்ந்திருப்பவரை விட மனம் விட்டுப் பேசுவார். முதல் முறை பார்ப்பவருக்கு மட்டும் வீடியோ தேவை. நெறிமுறையின் 'அ' பட்டியல் மருந்துகளை முதன்முதலாக எழுத வீடியோ கட்டாயமும்கூட.

"பரவால்லீங்க"

நம் ஊர் மரியாதை நோயை மறைக்கும். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், நாலு நாளாகச் சாப்பிடாதவரும் "நல்லா இருக்கறனுங்க" என்றுதான் சொல்வார். நேரில் என்றால் சட்டைப் பொத்தானும், நடந்து வரும் விதமும், கூட வந்த அம்மாவின் முகமும் உண்மையைச் சொல்லிவிடும். திரையில் தோளுக்கு மேல்தான் தெரியும். ஆகவே எண்ணிச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். "நேத்து எத்தன மணிக்குப் படுத்தீங்க? எத்தன தடவ முழிப்பு வந்துச்சுங்க? இந்த வாரம் எத்தன நாள் தோட்டத்துக்குப் போனீங்க? பால் கறக்கறது இப்ப யாருங்க?" கடைசிக் கேள்விக்கு "மாமன்தானுங்க கறக்கறாரு" என்று பதில் வந்தால் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளின் மதிப்பெண்ணை விட அது அதிகம் சொல்லும்.

பிஎச்க்யூ-9 வேண்டாம் என்பதல்ல. ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை. போனுக்கு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் சாவு எண்ணத்தைக் கேட்கும் ஒன்பதாவது கேள்வியை வாட்ஸ்அப் படிவமாக மட்டும் அனுப்பாதீர்கள். இரவு பதினொரு மணிக்கு அவர் அதில் '3' என்று போட்டு அனுப்பி, காலை பத்து மணிக்கு நீங்கள் பார்த்தால் என்ன ஆவது? அதை வாயால் கேளுங்கள்: "இந்த மாதிரி நேரத்துல சில பேருக்கு செத்துட்டா தேவலைனு தோணும்ங்க. உங்களுக்கு அப்படித் தோணுதுங்களா?" கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள்.

இன்னொரு பிசகு. நெட் தாமதம் ஒரு வினாடி இருந்தால், எல்லோரும் யோசித்து மெதுவாகப் பதில் சொல்வது போலவே இருக்கும். அதைத் தீவிர மனச்சோர்வின் மந்தம் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. தொடக்கத்தில் "ஒன்னு, ரெண்டு, மூனு சொல்லுங்க" என்று மாற்றி மாற்றி எண்ணிப் பார்த்தால் தாமதம் எவ்வளவு என்று பிடிபட்டுவிடும்.

திரையில் தெரியாதவை

உடல் விறைப்பைத் தொட்டு முழங்கையை மடக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அதற்கு மாற்று இல்லை. விறைப்பைத் தரக்கூடிய பழைய தலைமுறை மனச்சிதைவு மருந்து எடுப்பவர்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நேரில் வரவழையுங்கள். அதே மருந்துகளால் வரும் வாய், நாக்கு அசைவுகளைத் திரையிலேயே பார்க்கலாம். போனை நிறுத்தி வைத்து, வாயைத் திறந்து, நாக்கை உள்ளேயே வைக்கச் சொல்லி அரை நிமிடம் கவனிக்க வேண்டும்.

இருமுனை மனநோய்க்குத் தரும் லித்தியத்தின் மெல்லிய நடுக்கம் வினாடிக்கு 8 முதல் 12 துடிப்பு. நெட் மந்தமானால் வீடியோ வினாடிக்கு 15 படமாகக் குறையும், அந்த வேகத்தில் இந்த நடுக்கம் சரியாகப் பதிவாகாது. நீட்டிய கைமேல் ஒரு தாளை விரித்து வைக்கச் சொல்லுங்கள். தாளின் ஓரம் ஆடுவது தெரியும். வட்டத்துக்குள் வட்டமாகச் சுருள் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் மாதாமாதம் ஒப்பிடலாம்.

சாராய வாடை திரையில் வராது. குடியை நிறுத்தியவருக்கு வலிப்பு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரலாம், மனக்குழப்பமும் மாயக்காட்சியும் பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். முன்பு வலிப்பு வந்தவர், தினமும் காலையிலேயே குடிக்கிறவர், கை நடுங்கி வேர்த்துக்கொண்டிருப்பவர், இவர்களைப் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள். அட்மிஷன்தான். ஊரில் "ஒரு பாட்டில் ஏத்துனா சரியாப் போயிரும்" என்று குளுக்கோஸ் ஏற்றிவிடுவார்கள். தயமின் (வைட்டமின் பி1) போடாமல் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிப்பு வரலாம். உள்ளூர் டாக்டருக்கு நீங்களே போன் செய்து "தயமின் முதல்ல, குளுக்கோஸ் அப்பறம்" என்று சொல்லிவிடுங்கள்.

மருந்து

மருந்து விதிகளில் கடும் கட்டுப்பாடு உள்ள அட்டவணை எக்ஸ் மருந்துகளையும், போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டத்தின் பட்டியலில் உள்ளவற்றையும் தொலைமருத்துவத்தில் எழுதக் கூடாது. கவனக்குறைவுக் குழந்தைகளுக்கான மெத்தில்பெனிடேட் அட்டவணை எக்ஸில் வருகிறது. அந்தப் பெற்றோருக்கு முதல் நாளே "ஒவ்வொரு சீட்டுக்கும் நேர்ல வரோணுங்க" என்று சொல்லிவிட்டால் பிறகு சண்டை இராது. அல்பிரசோலம், டயசிபாம் மாதிரி பதற்ற, தூக்க மாத்திரை கேட்டு வாட்ஸ்அப்பில் தொங்குபவர்களுக்கும் அதே பதில்.

சீட்டில் பதிவு எண், தேதி, நோயாளியின் வயது, கையெழுத்து இருக்க வேண்டும். கையெழுத்திட்ட சீட்டின் போட்டோவோ ஸ்கேனோ செல்லும். வாட்ஸ்அப்பில் மருந்துப் பெயரை மட்டும் தட்டி அனுப்பினால் அது சீட்டல்ல, கடைக்காரர் மறுப்பது நியாயம். அதே விதிகளின் அட்டவணை எச்1 மருந்துகளுக்கு அவர் தனிப் பதிவேடு எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். உங்கள் சோம்பலுக்கு அவர் ஏன் மாட்ட வேண்டும்?

லித்தியம் போன் வழிச் சிகிச்சையில் தனிக் கவனம் கேட்கிற மருந்து. ரத்தத்தில் அதன் அளவைக் கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். "காலைல வெறும் வயித்துல போங்க" என்று சொன்னால் சிலர் மாத்திரையைப் போட்டுவிட்டே போவார்கள். அளவு தப்பாக ஏறித் தெரியும், நீங்கள் டோசைக் குறைப்பீர்கள், நோய் திரும்பும். நைட் ஷிப்ட் ஆளுக்கு இன்னும் குழப்பம். அவர் மாத்திரை போடுவது காலை ஏழு மணி என்றால் ரத்தம் எடுக்க வேண்டியது மாலை ஏழு. மில் ஊர்களில் "இரவு உணவுக்குப் பின்" என்று எழுதுவதையே விட்டுவிட்டு "படுக்கப் போகும் முன்" என்று எழுதுங்கள்.

நீடித்த சிகிச்சையில் லித்தியம் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் இருந்தால் போதும். சாயப்பட்டறை பாய்லர் பக்கமும், காம்பாக்டிங், ஸ்டென்டர் மெஷின் பக்கமும் நிற்கிறவர்களுக்குச் சித்திரை வெயிலில் உப்பும் நீரும் வேர்வையாகப் போகும், லித்தியம் உடம்பிலேயே தங்கும். இடுப்பு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோபினாக், புரூபென், ரத்த அழுத்தத்துக்கு எழுதும் தயசைடு, "உப்பைக் குறைங்க" என்ற அறிவுரை, இவை எல்லாமே அளவை ஏற்றும். ஒவ்வொரு காலிலும் நான்கையும் கேளுங்கள். வாந்தி, பேதி, பெரிய நடுக்கம், நா குழறல் என்று எதைச் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே ரத்தம் பார்த்து மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

கடும் மனச்சிதைவுக்கான குளோசபின் எடுப்பவருக்கு முதல் 18 வாரம் வாரம் ஒரு முறை ரத்த வெள்ளையணு எண்ணிக்கை, ஓராண்டு வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. தாலுகா லேப்பில் மொத்த எண்ணிக்கை மட்டும் போட்டு 'நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள். நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு) சதவீதமும் கேட்டு வாங்கி நீங்களே பெருக்குங்கள். மொத்தம் 4000, நியூட்ரோபில் 40 சதவீதம் என்றால் 1600. அது 1500 என்ற எச்சரிக்கை எல்லைக்கு நூறுதான் மேலே. அடுத்த காலுக்குக் காத்திருக்கிற எண் அல்ல. காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் அன்றே ரத்தம். இந்த மருந்தால் வரும் மலச்சிக்கலை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மனச்சிதைவுக்கான மாதாந்திர ஊசிக்குத் திருப்பூரிலிருந்து கோவைக்குப் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடலாம், கடிதம் ஒழுங்காக இருந்தால். மருந்தின் பெயர், மில்லிகிராம், கடைசியாகப் போட்ட தேதி, அடுத்த தேதி, புட்டத்தில் ஆழமாக, எல்லாம் அதில் இருக்கட்டும். இந்த ஊசிகளில் ஒன்றான புளூபெனசின் டெக்கனோயேட் எண்ணெய் மருந்து. சிரிஞ்சோ ஊசியோ ஈரமாக இருந்தால் கலங்கிவிடும், 21 கேஜை விட மெல்லிய ஊசியில் இறங்காது. இதைக் கடிதத்தின் கடைசி வரியில் எழுதினால் நர்ஸம்மா உங்களுக்குப் போன் செய்து கேட்க வேண்டி வராது.

அவசரம்

எங்கள் பக்கம் கட்டாயம் கேட்க வேண்டியது, வீட்டில் சாணிப்பவுடரும் (வாசல் தெளிக்கும் விஷச் சாயப்பொடி) பூச்சிமருந்தும் எங்கே இருக்கிறது என்பது. மோட்டார் ரூமிலா, திண்ணையிலா, யார் கையில் சாவி? பக்கத்தில் இருப்பவரை உடனே எடுத்து வேறு வீட்டில் வைக்கச் சொல்லி, வைத்தாயிற்று என்று திரும்பப் போன் வரும் வரை காலை முடிக்காதீர்கள். அபாயம் உடனடி என்றால் நோயாளியுடன் பேச்சை விடாமல், இரண்டாவது போனில் 108-க்கும் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் சொல்லுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்னும்போது தேவையான அளவுக்கு மட்டும் சொல்ல அதே பிரிவு இடம் கொடுக்கிறது. "போலீஸ் கேஸ் ஆகிருங்களா?" என்று வீட்டார் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் தயங்குவார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், வழக்குத் தொடரக் கூடாது என்று 115-ஆம் பிரிவு சொல்கிறது. அதை அந்தக் காலிலேயே சொல்லிவிடுங்கள்.

மலையில் திட்டமே வேறு. தாளவாடியில் இருப்பவருக்கு "சத்தி ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்பது திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வரச் சொல்வது. சாம்ராஜ்நகர் அவருக்குக் கிட்டே. மாநில எல்லையைப் பற்றி யோசிக்காமல் அந்த மருத்துவமனையின் எண்ணை பைலில் எழுதி வையுங்கள். வால்பாறை, பர்கூர், கொல்லிமலை ஒவ்வொன்றுக்கும் இப்படித் தனித்தனியாக எழுத வேண்டும்.

சைக்காலஜிஸ்ட்களுக்கு

மில் ஹாஸ்டல் பெண்களுக்கு வாரா வாரம் 50 நிமிடம் என்பது நடக்காது. போன் கையில் கிடைப்பதே சில இடங்களில் ஞாயிறுதான், அதுவும் எட்டுப் பேர் தங்கும் அறையில். 20 நிமிடமாக வைத்து, நடத்தைத் தூண்டல் (விட்டுப்போன அன்றாட வேலைகளை மறுபடி தொடங்கவைப்பது), தூக்க ஒழுங்கு மாதிரி வீட்டுப்பாடம் கொடுக்கக்கூடிய சிகிச்சைகளை எடுங்கள். பழைய பாலியல் வன்முறையைக் கிளறும் சிகிச்சையை அந்த அறையில் தொடங்காதீர்கள். கால் முடிந்தபின் அவள் அழுவதற்குக்கூட இடமில்லை. திருப்பூரில் வேலை பார்க்கும் ஒடியா, இந்தி பேசும் தொழிலாளிக்குக் கான்ட்ராக்டரை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்கவே கூடாது. சம்பளம் தருகிறவன் முன்னால் யார் உண்மை பேசுவார்கள்? 14416-க்கு அழைத்து மொழியைத் தேர்ந்தெடுக்கக் காட்டிக்கொடுங்கள். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மனஸ் சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை.

அதே எண் உங்கள் தூக்கத்தையும் காக்கும். வாட்ஸ்அப் பிசினஸில் தானியங்கிப் பதில் வசதி இருக்கிறது. இரவு 8 முதல் காலை 9 வரைக்கு இப்படிப் போட்டு வையுங்கள்: "வணக்கமுங்க. இந்த நேரத்தில் மெசேஜ் பார்ப்பதில்லை. மாத்திரை சந்தேகம் என்றால் காலை 9 மணிக்கு மேல் அழைக்கவும். மனசு தாங்கவில்லை, உயிரை விடத் தோன்றுகிறது என்றால் இப்போதே 14416. மருந்து எதுவும் குடித்துவிட்டால் உடனே 108." கிளினிக் பேரையும் தரைவழி எண்ணையும் அடியில் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டதும் வேறொரு போனிலிருந்து இரவு ஒரு மெசேஜ் அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.